லினக்ஸ் லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு: வேண்டும்போது எழுப்ப, வேண்டாதபோது தூங்க வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்தால், பெரும்பாலும் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பிற்பகல் 2 மணிக்குத்தான் திரும்பும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் அந்த ஐந்து மணி நேரத்தை லேப்டாப் பேட்டரியில் ஓட்டியாக வேண்டும். கணக்கு எளிது. 50 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப், பிரவுசர், எடிட்டர் என்று 10 வாட்டில் ஓடினால் சரியாக ஐந்து மணி நேரம் வரும். விளையாட்டு, வீடியோ போன்ற கனமான வேலைக்கென்றே இருக்கும் என்விடியா தனி கிராஃபிக்ஸ் கார்டு, எந்த வேலையும் இல்லாமல் விழித்துக்கொண்டு கூடுதலாக 6 வாட் இழுத்தால், மூன்று மணி நேரம் தாண்டியதும் திரை அணைந்துவிடும். மே மாதக் கத்திரி வெயிலில் அந்த 6 வாட்டும் சூடாகத்தான் வெளியே வரும், ஃபேனும் நிற்காமல் சுற்றும்.

இரண்டு கார்டு உள்ள லேப்டாப்பில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இன்று பெரிய வேலை இல்லை, ஓரிரு கட்டளைகளில் முடிந்துவிடும். வேண்டாத நேரத்தில் தனி கார்டுக்கு மின்சாரம் உண்மையிலேயே நின்றதா என்று பார்த்து உறுதி செய்வதில்தான் பேட்டரியின் ஆயுள் இருக்கிறது. பல வழிகாட்டிகள் அதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. அதனால் இங்கே அதிக இடத்தை அந்தப் பகுதிக்கே கொடுத்திருக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

பெரும்பாலான லேப்டாப்களில் திரையின் கம்பி, பிராசசரோடு சேர்ந்து வரும் இன்டெல் அல்லது ஏஎம்டி உள் கிராஃபிக்ஸோடுதான் இணைந்திருக்கும். தனி கார்டுக்குத் திரையோடு நேரடித் தொடர்பு இல்லை. அது படத்தை வரைந்து, பிசிஐ வழியாக உள் கிராஃபிக்ஸின் நினைவகத்துக்கு அனுப்பும். திரையில் காட்டுவது உள் கிராஃபிக்ஸ். கல்யாண வீட்டில் சமையல்காரர் இலைக்கு வருவதில்லை, பரிமாறுபவர்தான் கொண்டுவந்து வைக்கிறார், அந்த மாதிரி. இப்படி அனுப்பி வைப்பதில் கொஞ்சம் வேகம் குறையும். ஆனால் தனி கார்டு முழுதாகத் தூங்கினாலும் திரை தடையில்லாமல் ஓடும்.

என்விடியா இந்த ஏற்பாட்டை ஆப்டிமஸ் என்ற பெயரில் 2010-இல் கொண்டுவந்தது. லினக்ஸுக்கு அப்போது ஆதரவு தரவில்லை. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவைக் கடுமையாகத் திட்டிய காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அன்று கேட்கப்பட்ட கேள்வியே ஆப்டிமஸ் லேப்டாப்பைப் பற்றியதுதான். அந்தக் காலத்தில் பம்பிள்பீ என்ற தன்னார்வத் திட்டம்தான் கைகொடுத்தது. 2013-இல் என்விடியாவின் 319 டிரைவர் ஓரளவு ஆதரவு தந்தது. 2019-இல் 435 டிரைவர் வந்த பிறகுதான் 'இந்த ஒரு நிரலை மட்டும் தனி கார்டில் ஓட்டு' என்று சொல்லும் வசதி முறையாகக் கிடைத்தது.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் இன்னும் பம்பிள்பீ, ஆப்டிரன், பிபிஸ்விட்ச் என்று சொல்லும் பழைய கட்டுரைகள் முன்னால் வந்து நிற்கும். 2019-க்கு முந்தையவற்றைப் பின்பற்ற வேண்டாம். புதிய டிரைவரோடு அவற்றைச் சேர்த்தால் கருப்புத் திரையில்தான் போய் முடியும்.

படி 1: உங்களிடம் இருப்பது எது

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று அடியுங்கள். நீண்ட பட்டியலில் 'விஜிஏ' என்றும் '3டி கண்ட்ரோலர்' என்றும் தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். இன்டெல் உள் கிராஃபிக்ஸ் வழக்கமாக 00:02.0 என்ற முகவரியில் இருக்கும். தனி கார்டு பெரும்பாலும் 01:00.0. இந்த முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். தனி கார்டு '3டி கண்ட்ரோலர்' என்று வந்தால், அதிலிருந்து எந்தத் திரைக்கும் கம்பி போகவில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். 'விஜிஏ' என்று வந்தால் எச்டிஎம்ஐ போன்ற ஏதாவது ஒரு வாய் (போர்ட்) அதோடு இணைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த வாய் எந்தக் கார்டில் என்று திட்டமாகத் தெரிந்துகொள்ள /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். 'கார்டு1-ஈடிபி-1', 'கார்டு0-எச்டிஎம்ஐ-ஏ-1' என்ற மாதிரி பெயர்கள் இருக்கும். ஈடிபி என்பது லேப்டாப்பின் சொந்தத் திரை. அதற்கும் எச்டிஎம்ஐ-க்கும் கார்டு எண் வேறாக இருந்தால், வெளித்திரையைச் செருகும்போதெல்லாம் தனி கார்டு விழித்தே ஆக வேண்டும். வீட்டு மேசையில் எப்போதும் பெரிய மானிட்டரோடு வேலை பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். சில லேப்டாப்களில் யுஎஸ்பி-சி வாய் உள் கிராஃபிக்ஸில் இருக்கும். அப்படியானால் மானிட்டரை அங்கே மாற்றிச் செருகினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

உங்களிடம் இருப்பது ஏஎம்டி தனி கார்டு என்றால் அதிர்ஷ்டசாலி. டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது, வேலை இல்லாதபோது தானாகவே அணையும். படி 2, 3 இரண்டையும் விட்டுவிட்டு நேரே படி 4-க்குப் போகலாம்.

படி 2: டிரைவர்

என்விடியா தளத்திலிருந்து நேரடியாக நிறுவியை இறக்கி ஓட்டுவதை எப்போதும் தவிர்க்கச் சொல்வேன். அடுத்த கர்னல் புதுப்பிப்பில் அது உடையும், எடுத்தெறிவதும் சிரமம். உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) தரும் தொகுப்பே போதும். உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' பகுதியிலும் லினக்ஸ் மின்டில் டிரைவர் மேலாளரிலும் பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து ஏகேமாட்-என்விடியா தொகுப்பை நிறுவுங்கள். நிறுவி முடிந்த கையோடு ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். பின்னணியில் உங்கள் கர்னலுக்கேற்ற டிரைவர் மாட்யூல் உருவாகச் சில நிமிடம் ஆகும். மாட்இன்ஃபோ என்விடியா என்று அடித்தால் விவரம் வர வேண்டும், வந்த பிறகே ரீஸ்டார்ட்.

கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஓட விடும் செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப்பில், டிரைவரை நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை லேப்டாப் கிளம்பும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, தொடரச் சொல்லி, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில விநாடிகளே நிற்கும், பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் கர்னல் அதை ஏற்காது. எம்ஓகேயூடில் கட்டளையின் மூலம், டிரைவருக்குக் கையெழுத்திட்ட அந்த எம்ஓகே சாவியை மீண்டும் பதிவுசெய்யக் கொடுத்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை திரும்ப வரும்.

பழைய கார்டுகளுக்கு டிரைவர் வரிசை வேறு. கெப்லர் தலைமுறைக்கு 470 தான் கடைசி. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 580. ஜிடிஎக்ஸ் 1050, எம்எக்ஸ்150, எம்எக்ஸ்250 எல்லாம் பாஸ்கல்.

படி 3: எந்த முறையில் ஓட்டுவது

உபுண்டு, மின்ட் இரண்டிலும் பிரைம்-செலக்ட் என்ற கட்டளை இருக்கிறது. அதோடு குவெரி என்று சேர்த்தால் இப்போதைய முறையைச் சொல்லும். முறைகள் மூன்று. 'என்விடியா' என்றால் எல்லாமே தனி கார்டில். 'இன்டெல்' என்றால் உள் கிராஃபிக்ஸ் மட்டும். 'ஆன்-டிமாண்ட்' என்றால் உள் கிராஃபிக்ஸில் ஓடி, கேட்கும் நிரலுக்கு மட்டும் தனி கார்டு. மாற்ற, நிர்வாகி உரிமை தரும் சூடோவை முன்னால் சேர்த்து, சூடோ பிரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட் என்று அடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

என் பரிந்துரை ஆன்-டிமாண்ட்தான். 'என்விடியா' முறை பேட்டரியைத் தின்றுவிடும். 'இன்டெல்' முறை அதிக பேட்டரி தரும், ஆனால் எச்டிஎம்ஐ தனி கார்டில் இருந்தால் அலுவலகக் கூட்டத்தில் புரொஜெக்டரைச் செருகும்போது எதுவும் வராது. உங்கள் கார்டு பாஸ்கலோ அதற்கு முந்தையதோ என்றால் மட்டும், நீண்ட நேரம் பேட்டரியில் இருக்கப்போகும் நாளில் 'இன்டெல்' முறைக்கு மாறுவது பலன் தரும். ஏன் என்று படி 5-இல் சொல்கிறேன்.

ஃபெடோராவில் டிரைவர் நிறுவியதும் இயல்பாகவே ஆன்-டிமாண்ட் போலத்தான் இயங்கும். முழுதாக அணைக்க வேண்டுமென்றால் என்விகண்ட்ரோல் என்ற கருவி இருக்கிறது. ஏசஸ் லேப்டாப்களுக்கு சூப்பர்ஜிஎஃப்எக்ஸ்சிடிஎல். பாப் ஓஎஸ்ஸில் சிஸ்டம்76-பவர். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகள் ஒரே அமைப்புக் கோப்புகளில் ஒன்றுக்கொன்று முரணாக எழுதிவைத்தால், லாகின் திரைகூட வராது.

படி 4: ஒரு நிரலைத் தனி கார்டில் ஓட்டுவது

உபுண்டு, ஃபெடோராவின் வழக்கமான முகப்பான க்னோமில் நிரலின் ஐகான்மேல் வலது கிளிக் செய்தால் 'தனி கிராஃபிக்ஸ் கார்டில் தொடங்கு' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். ஸ்விட்சரூ-கண்ட்ரோல் என்ற சேவை ஓடினால்தான் அது தெரியும். டெர்மினலில் என்றால் நிரலின் பெயருக்கு முன்னால் பிரைம்-ரன் என்று சேருங்கள். ஏஎம்டி கார்டானால் டிஆர்ஐ_பிரைம்=1 என்பதை முன்னால் சேர்க்க வேண்டும், இதை மட்டும் பெரிய எழுத்துகளில். ஸ்டீமில் அந்த விளையாட்டின் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பகுதியில் பிரைம்-ரன் %கமாண்ட்% என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, பிரைம்-ரன் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி என்று ஓட்டுங்கள், அந்தக் கடைசி 'பி' பெரிய எழுத்து. 'ரெண்டரர்' வரியில் தனி கார்டின் பெயர் வர வேண்டும். பிரைம்-ரன் இல்லாமல் ஓட்டினால் உள் கிராஃபிக்ஸின் பெயர் வர வேண்டும். இரண்டையும் பாருங்கள்.

எல்லா நிரலுக்கும் இது தேவையில்லை. கிண்டியிலோ குரோம்பேட்டையிலோ இயந்திரக் கற்றல் புராஜெக்ட் செய்யும் மாணவர் பைடார்ச் ஓட்டும்போது பிரைம்-ரன் சேர்க்க வேண்டியதில்லை. என்விடியாவின் 'கூடா' என்ற கணக்கீட்டுத் தொழில்நுட்பத்தில் ஓடும் நிரல்கள் என்விடியா கார்டைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளும். திரைக்குப் படம் வரையும் ஓபன்ஜிஎல் நிரல்களுக்குத்தான் அது வேண்டும். பிளெண்டரில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். சைக்கிள்ஸ் ரெண்டரை அமைப்புகளில் ஆப்டிக்ஸ் என்று தேர்ந்தெடுத்தாலே அது தனி கார்டில் ஓடும். ஆனால் நீங்கள் மாடலைச் சுழற்றிப் பார்க்கும் வியூபோர்ட், பிரைம்-ரன் இல்லையென்றால் உள் கிராஃபிக்ஸிலேயே இழுத்துக்கொண்டிருக்கும்.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் எடிட்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டாவின்சி ரிசால்வை லினக்ஸில் பிரைம்-ரன்னோடு தொடங்குங்கள். அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 வீடியோவைத் திறக்காது, ஏஏசி ஒலியையும் எடுத்துக்கொள்ளாது. ஃபோனில் எடுத்த காட்சி கருப்பாக வந்தால் கார்டைச் சந்தேகிக்க வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் கொண்டு டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா டிஸ்ட்ரோவிலும் ஓடும் ஃபிளாட்பேக் தொகுப்பாக நிறுவிய நிரல்களுக்கு என்விடியா துணைத்தொகுப்பு தனியாக உண்டு, அதன் பதிப்பு டிரைவரோடு பொருந்த வேண்டும். டிரைவர் மாறியதும் ஃபிளாட்பேக் அப்டேட் ஓட்டிவிடுங்கள்.

படி 5: தூங்குகிறதா என்று பாருங்கள்

முக்கியமான படி இதுதான். சார்ஜரைக் கழற்றி, எல்லா நிரல்களையும் மூடி, ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் கேட் கட்டளையால் இந்தக் கோப்பைப் படியுங்கள்:

/சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:01:00.0/பவர்/ரன்டைம்_ஸ்டேட்டஸ்

முகவரி உங்களுடையது வேறானால் மாற்றிக்கொள்ளுங்கள். 'சஸ்பெண்டட்' என்று வந்தால் கார்டு தூங்குகிறது. 'ஆக்டிவ்' என்று வந்தால் விழித்திருக்கிறது. இதைப் பார்க்க என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். அந்தக் கட்டளையே கார்டை எழுப்பிவிடும், பிறகு 'எப்போது பார்த்தாலும் விழித்திருக்கிறதே' என்று வீணாகக் கவலைப்படுவீர்கள்.

சஸ்பெண்டட் வரவில்லையா? கீழே சொல்லும் வரிசையில் தேடுங்கள்.

கார்டின் தலைமுறையிலிருந்து தொடங்குவோம். ஓடும்போதே மின்சாரத்தை முழுதாக நிறுத்தும் வசதி டியூரிங் தலைமுறையிலிருந்துதான், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகள், எம்எக்ஸ்450 மற்றும் அவற்றுக்குப் பின் வந்தவை. பாஸ்கல் கார்டில் எத்தனை அமைப்பை மாற்றினாலும் என்விடியா டிரைவரோடு அது கிடைக்காது. அதனால்தான் அவர்களுக்கு 'இன்டெல்' முறையைச் சொன்னேன்.

அடுத்து அதே பவர் கோப்புறையில் உள்ள கண்ட்ரோல் என்ற கோப்பு. அதில் 'ஆட்டோ' இருக்க வேண்டும். 'ஆன்' என்று இருந்தால் கர்னல் அதைத் தூங்க விடாது. பலர் கவனிக்காத ஒன்று: எச்டிஎம்ஐ வழியே ஒலி அனுப்ப அதே கார்டில் 01:00.1 என்ற தனிப் பகுதி இருக்கும். அதன் கண்ட்ரோலும் 'ஆட்டோ' ஆக இருந்தால்தான் முழுக் கார்டும் அணையும். ரூட் (நிர்வாகி) உரிமையோடு இரண்டு கோப்பிலும் 'ஆட்டோ' என்று எழுதி, சில விநாடி கழித்து நிலையைப் பாருங்கள். பலன் தெரிந்தால், லேப்டாப் கிளம்பும்போதெல்லாம் தானாக அமலாகும் யுடெவ் விதியாக அதையே எழுதி நிரந்தரமாக்கலாம்.

அதற்கப்புறம் டிரைவரின் அமைப்பு. ஆம்பியர் (ஆர்டிஎக்ஸ் 30) தலைமுறையிலிருந்து இது தானாகவே இயங்கும். டியூரிங்கில் சொல்லித்தர வேண்டும். /இடிசி/மாட்புரோப்.டி கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்கி, ஆப்ஷன்ஸ் என்விடியா என்று தொடங்கும் வரியில் என்வி-ரெக்_டைனமிக்-பவர்-மேனேஜ்மெண்ட்=0x02 என்று எழுதுங்கள். அந்தப் பெயரில் இடையே சிறு கோடுகள் (-) கிடையாது, அடிக்கோடு (_) மட்டும் உண்டு. 'என்வி' இரண்டும், டைனமிக், பவர், மேனேஜ்மெண்ட் ஆகியவற்றின் முதல் எழுத்துகளும் பெரிய எழுத்து. பிறகு உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு, ஃபெடோராவில் டிராகட் --ஃபோர்ஸ் ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். உபுண்டுவின் ஆன்-டிமாண்ட் முறை, ஆதரவுள்ள கார்டுகளுக்குப் பெரும்பாலும் இதைத் தானே செய்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு விழித்திருந்தால், ஏதோ ஒரு நிரல் கார்டைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடோ ஃபியூசர் -வி /டெவ்/என்விடியா* என்று ஓட்டினால் யார் என்று தெரியும். திரை ஓரத்தில் கார்டின் வெப்பத்தை விநாடிக்கு விநாடி காட்டும் சின்னக் கருவிகளை முதலில் சந்தேகியுங்கள். வெப்பத்தைக் கேட்கக் கேட்க கார்டு விழிக்கும், அதனாலேயே சூடாகும். வெளித்திரை செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக வாட் கணக்கு. பேட்டரியில் இருக்கும்போது பவர்டாப்பை ரூட்டாக ஓட்டினால் மொத்தச் செலவு வாட்டில் தெரியும். திரை வெளிச்சத்தை மாற்றாமல், கார்டு தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் ஒவ்வொரு முறை குறித்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் மிச்சப்படுத்துவது. உங்கள் பேட்டரியின் வாட்-மணியை, கார்டு தூங்கும்போது காட்டிய மொத்த வாட்டால் வகுத்தால், அடுத்த மின்தடைக்கு எத்தனை மணி நேரம் கையில் இருக்கும் என்று தெரிந்துவிடும்.

திரை கருப்பானால்

பதற வேண்டாம், உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். லாகின் செய்து சூடோ பிரைம்-செலக்ட் இன்டெல் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுத்துத் திரையும் வரவில்லை என்றால், லேப்டாப் கிளம்பும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலில் கிளம்பிப் பாருங்கள். பெரும்பாலும் கிளம்பிவிடும். ஏனென்றால் புதிய கர்னலுக்கு டிரைவர் மாட்யூல் உருவாகாமல் போவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று அடித்தால் எந்தக் கர்னலுக்கு மாட்யூல் இருக்கிறது என்று காட்டும். புதியதற்கு இல்லையென்றால், அந்தக் கர்னலின் ஹெடர்ஸ் தொகுப்பை நிறுவினால் மாட்யூல் உருவாகிவிடும்.

ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கும் முன்

இரண்டாம் கை லேப்டாப் தேடி ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் ஒரு லைவ் யுஎஸ்பி-யைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓட்டிப் பார்க்கக் கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உபுண்டு கிளம்பியதும் எல்எஸ்பிசிஐ ஓட்டி, கார்டின் பெயர் கடைக்காரர் சொன்னதுதானா என்று சரிபாருங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கார்டு டியூரிங்குக்கு முந்தையது என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது ஏஎம்டி தனி கார்டு உள்ளதாகப் பார்க்கலாம். தனி கார்டே பட்டியலில் வரவில்லை என்றால் பயாஸில் அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் கார்டு செத்திருக்க வாய்ப்பு உண்டு, அந்த லேப்டாப்பை விட்டுவிடுங்கள். /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் கோப்புறையைப் பார்த்து எச்டிஎம்ஐ எந்தக் கார்டில் என்று குறித்துக்கொண்டு, கடையில் இருக்கும் ஏதாவது ஒரு மானிட்டரை அதில் செருகிப் படம் வருகிறதா என்று பாருங்கள். பேட்டரியையும் அங்கேயே பார்த்துவிடலாம். யுபவர் -டி என்று அடித்தால், பேட்டரி பகுதியில் இப்போது எத்தனை வாட்-மணி தாங்கும் என்பதும் புதிதாக இருந்தபோது எத்தனை என்பதும் அருகருகே வரும்.